நச்சை நீக்குவது தண்ணீரா?

எலுமிச்சையும் வெள்ளரியும் மிதக்கும் 'டீடாக்ஸ்' தண்ணீரைக் குடம் குடமாகக் குடித்தால் உடலின் நச்செல்லாம் போய்விடும் என்கிறார்கள். உண்மையில் அந்த வேலையைச் செய்பவை கல்லீரலும் சிறுநீரகங்களும்தான்.

எப்படி? புரதம் சிதையும்போது உண்டாகும் அமோனியாவைக் கல்லீரல் யூரியாவாக மாற்றி ரத்தத்தில் விடுகிறது. சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை ரத்தத்திலிருந்து வடித்து, அதில் 99 சதவீதத்தைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. மிச்சம் ஒன்றிரண்டு லிட்டர்தான் சிறுநீர். கழிவை ஏற்றிச் செல்லும் வண்டிதான் தண்ணீர். அது குறைந்தால் சிறுநீர் அடர்ந்து, உப்புகள் படிந்து கல்லாகும். அதற்காக ஒரே மூச்சில் பல லிட்டர் குடிப்பதும் ஆபத்து; ரத்தத்தில் சோடியம் சரிந்து வலிப்புகூட வரலாம்.

எவ்வளவு குடிக்கிறோம் என்பதைவிட எதைக் குடிக்கிறோம் என்பதுதான் என் கவலை. செஞ்சிப் பக்கத்து அனந்தபுரம் போன்ற ஊர்களில் பாறைக்குள் இறங்கும் போர்வெல் தண்ணீர் பாறையின் தாதுக்களைக் கரைத்துக்கொண்டே மேலே வருகிறது. வயலில் போடும் யூரியாவும் கழிவுநீரும் நிலத்தில் இறங்கி நைட்ரேட்டைச் சேர்க்கின்றன. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. ஃபுளோரைடு அதிகபட்சம் 1.5 மில்லிகிராம். கொதிக்கவைத்தால் கிருமிகள் சாகும். ஆனால் நைட்ரேட்டும் ஃபுளோரைடும் போகாது. நீர் ஆவியாக ஆவியாக அவை இன்னும் செறிவாகும். நைட்ரேட் மிகுந்த நீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து உடல் நீலம் பாரிக்கலாம்.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகங்களில் தண்ணீரைப் பரிசோதிக்கலாம். டீடாக்ஸ் பொடி வாங்கும் முன், உங்கள் வீட்டு போர்வெல் தண்ணீரை அங்கே கொடுத்துப் பாருங்கள்.