பழைய காரும் டைமிங் பெல்ட்டும்

வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர் பலர், பழைய கார் வாங்கியதும் அதிலேயே ஊர் சென்றுவர விழைகின்றனர். புறப்படுமுன் டைமிங் பெல்ட்டைப் பற்றி நாம் அறிதல் நன்று. கிராங்க் ஷாஃப்ட்டையும் கேம் ஷாஃப்ட்டையும் இணைத்து, வால்வுகளை உரிய வேளையில் திறந்து மூடச் செய்யும் பல் வைத்த ரப்பர்ப் பட்டை இது. 1983 முதல் 2014 வரை வெளிவந்த மாருதி 800 காரில் இதுவே உண்டு. சில எஞ்சின்களில் இதற்குப் பதிலாகச் சங்கிலி இருக்கும்.

ஓடும்போது பட்டை அறுந்தால், பல எஞ்சின்களில் பிஸ்டன் வால்வில் மோதிப் பெருஞ்சேதம் விளையும். ரப்பர் ஓட்டத்தால் மட்டுமன்று, ஆண்டுகளாலும் நலியும். ஆதலின் கையேடு கூறும் கிலோமீட்டர், ஆண்டு இரண்டனுள் எது முந்துகிறதோ அதுவே மாற்றும் காலம். முன்னவர் மாற்றியதற்கு ரசீது உண்டா? இல்லையேல், மீட்டர் காட்டும் எண்ணை நம்பியிராது உடனே மாற்றிவிடுவோம். டென்ஷனரையும் உடன் மாற்றுவோம். நள்ளிரவில், நடுவழியில் குடும்பத்தோடு நிற்பதினும் இச்செலவு சிறிதே.