புது ரைபிள் குறி தப்புதா? உடனே பேரலைத் திட்டாதீங்க!

என்.சி.சி.யில் இருந்தவங்க பலரும் .22 ரைபிளைக் கையில பிடிச்சிருப்பீங்க. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் ஜெயிச்ச 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் போட்டியிலும் சுடுறது .22 தோட்டாதான். அந்த இலக்கில் 10 புள்ளி வட்டத்தின் விட்டம் வெறும் 10.4 மி.மீ. சட்டை பட்டன் அளவுதான்!

இப்போ இப்படி யோசிங்க. புது டார்கெட் ரைபிள் வந்தாச்சு. போட்டிக்கு இன்னும் ஒரே மாசம். 50 மீட்டரில் ஐந்து குண்டு சுட்டா, ஓட்டைகள் 30 மி.மீ. அகலத்துக்குப் பரவி நிக்குது. "பேரல் சரியில்லை" என்று உடனே முடிவு கட்டினா பணம் போகும், நாளும் போகும். அதைவிட மோசம், சுடுறவருக்குத் தன் கை மேலயே நம்பிக்கை போயிடும்.

புரோகிராமில் பக் வந்தா ஒரே நேரத்தில் அஞ்சு இடத்தில் மாத்துவோமா? மாத்தினா எது சரி பண்ணுச்சுன்னே தெரியாது. இங்கேயும் அதே விதிதான்: ஒரு தடவைக்கு ஒண்ணு மட்டும் மாத்தணும்.

1. முதல்ல ஒழுங்கா அளங்க

ஒரே ஒரு ஐந்து குண்டு குரூப்பை நம்பாதீங்க. அதே ரைபிள், அதே தோட்டாவா இருந்தாலும் ஒரு குரூப் இன்னொண்ணைவிட இரண்டு மடங்கு பெருசா வரலாம். அது வெறும் தற்செயல். காற்று அடங்கின நேரத்தில், மணல் பை மேல ரைபிளை வெச்சு, நாலஞ்சு குரூப் சுட்டு சராசரி எடுங்க. இதில் சுடுறவரோட பிழை பெருமளவு குறைஞ்சிடும்.

2. ஸ்க்ரூவைப் பாருங்க

தோட்டா உள்ளே இல்லைன்னு உறுதி பண்ணிட்டு, போல்ட்டைத் திறந்து வெச்சுட்டுத்தான் இந்த வேலை. ரைபிளை ஸ்டாக்கோட இணைக்கிற ஸ்க்ரூ, சைட்டைப் பிடிச்சிருக்கிற ஸ்க்ரூ ரெண்டும் புதுசுலேயே தளர்ந்திருக்கலாம். மேனுவலில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்க. பேரல் ஸ்டாக்கைத் தொடாம இருக்கிற மாதிரி வடிவமைச்ச ரைபிள்னா, இடையில ஒரு காகிதத் துண்டை விட்டு இழுத்துப் பாருங்க. எங்கேயாவது சிக்கினா அங்கே உரசுதுன்னு அர்த்தம்.

3. தோட்டாவை மாத்திப் பாருங்க

இதுதான் பலரும் கவனிக்காத இடம். ரிம்ஃபயர் தோட்டாவில் தீப்பற்றும் கலவை, அடிப்பக்க விளிம்புக்குள்ளே பரவியிருக்கும். அது ஒரே சீரா இல்லைன்னா குண்டோட வேகமும் மாறும். கணக்கு போடுவோமா? சராசரி வேகம் 325 மீ/வி என்றால் 50 மீட்டரைக் கடக்க 0.154 வினாடி. ½gt² படி குண்டு 116 மி.மீ. கீழே இறங்கும். வேகம் 315 ஆனா, இறக்கம் 123.5 மி.மீ. வெறும் 10 மீ/வி வித்தியாசத்துக்கு 7.5 மி.மீ.! 10 வட்டத்தோட விட்டத்தில் பாதிக்கு மேல காலி. (காற்றுத் தடையைச் சேர்க்கலை.)

ஒவ்வொரு பேரலுக்கும் பிடிச்ச தோட்டா வேற. ஒரே பிராண்டிலேயே லாட் எண் மாறினா முடிவும் மாறும். அதனாலதான் எலி, லாபுவா நிறுவனங்கள் வீரர்கள் தங்கள் ரைபிளையே கொண்டுவந்து லாட் லாட்டா சோதிக்கத் தனி இடம் வெச்சிருக்காங்க. ஒரு விஷயம்: தோட்டா மாத்தினதும் முதல் சில குண்டுகளைக் கணக்கில் எடுக்காதீங்க. பழைய தோட்டாவோட மசகு பேரலில் இருந்து போகணும்.

4. ஓட்டைகள் எப்படி விழுந்திருக்கு?

மேலும் கீழுமா நீண்டிருந்தா, வேக வித்தியாசமோ மூச்சுக் கட்டுப்பாடோ காரணமா இருக்கலாம். பக்கவாட்டில் பரவினா, முதல் சந்தேகம் காற்று. இரண்டு தனித்தனிக் கூட்டமா விழுந்தா, ஏதோ ஒண்ணு தளர்ந்து ஆடுது.

இவ்வளவும் பார்த்த பிறகும் சரியாகலைன்னா, அப்போதான் பேரல் முனையையும் சேம்பரையும் துப்பாக்கி மெக்கானிக்கிட்ட காட்டணும். நீங்களே அரம் எடுத்து ராவ வேண்டாம்!

ஒவ்வொரு சோதனைக்கும் தேதி, லாட் எண், காற்று, குரூப் அளவை நோட்டில் எழுதி வைங்க. லேப் ரெக்கார்டை நாம மார்க்குக்காக எழுதுவோம். இந்த நோட்டு ஒரு நல்ல பேரலைத் தேவையில்லாம மாத்தாம காப்பாத்தும்.