பிள்ளைகள் போன பிறகு பள்ளிக்கூடம்

செருப்பைக் கழற்றி வேப்பமரத்தடியில் விட்டுவிட்டு மெதுவாக வாருங்கள். மணி நாலு. பிள்ளைகள் எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். இந்த நேரத்தில் பெற்றோரை உள்ளே விடுவது வழக்கமில்லையாம். எங்களுக்கு அனுமதி கிடைத்துவிட்டது!

நானும் லாத்தாவும் வந்திருக்கிறோம். அக்காவை எங்கள் ஊரில் லாத்தா என்றுதான் கூப்பிடுவோம். அவர் கணவர், என் மச்சானின் வியாபாரம் காயல்பட்டினத்திலிருந்து சென்னை மண்ணடிக்கு மாறுகிறது. அவர்களின் ஐந்து வயது மகளுக்குப் பள்ளிக்கூடம் தேட வேண்டும். வால்டார்ஃப் வழியில் நடக்கும் இந்தச் சின்னப் பள்ளியைப் பற்றி யாரோ சொல்ல, லாத்தா போனில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "புள்ளைங்க போன பொறவு வந்து பாக்கலாமா?" ஆண்டு விழா அன்றைக்கு எல்லாப் பள்ளியும் ஜொலிக்கும், சாயங்காலத்தில் பார்த்தால்தான் சங்கதி தெரியும் என்பது லாத்தாவின் கட்சி. நானும் அந்தக் கட்சிதான்.

தாழ்வாரத்தில் தலையைக் குனிந்து வாருங்கள். கொடியில் ஈரத் தாள்கள் தொங்குகின்றன. நனைத்த தாளில் வண்ணத்தைத் தொட்டு வைத்து, அது தானாகப் பரவுவதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டே வரைந்த ஓவியங்கள் அவை. மஞ்சளும் நீலமும் சந்தித்த இடமெல்லாம் பச்சை. அதில் ஒரு சொட்டு லாத்தாவின் துப்பட்டியில் விழ, ஓர் ஆசிரியை ஓடிவந்து துடைக்கிறார். அவர் கையில் ஏற்கெனவே சிவப்பு இருந்ததால் கறை இரண்டு நிறமாகிவிட்டது. இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

அடுத்தது சாமான் அறை. கூடை கூடையாகக் கம்பளி நூல், மூங்கில் பின்னலூசிகள், தேன்மெழுகு வண்ணக்கட்டிகள், பிள்ளைகள் பொறுக்கிவந்த புளியங்கொட்டை, சிப்பி. முதல் வகுப்பிலேயே பின்னல் உண்டு. பாதிப் பின்னலில் கண்ணி நழுவியிருக்கும். விரல் பழகப் பழக அது குறையும் என்கிறார்கள். துணிப் பொம்மைகளின் முகத்தில் கண்ணுக்கு இரண்டு புள்ளி, வாய்க்கு ஒரு கோடு, அவ்வளவுதான். சிரிக்கிறதா அழுகிறதா என்பதைக் குழந்தையே தீர்மானித்துக்கொள்ளட்டும் என்று அப்படித் தைக்கிறார்களாம். எனக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம் போலிருந்தது.

"இந்த வால்டார்ஃபுன்னா யாரு?" என்று லாத்தா கேட்க, நூல் சுற்றிக்கொண்டிருந்த ஆசிரியை, "சிகரெட் கம்பெனி" என்றார். லாத்தாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் வால்டார்ஃப் அஸ்டோரியா என்ற சிகரெட் ஆலை. அதை நடத்திய எமில் மோல்ட், தன் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக சிந்தனையாளர் ருடால்ஃப் ஸ்டைனரை அழைத்து 1919இல் தொடங்கியதுதான் முதல் வால்டார்ஃப் பள்ளி. நாஜி ஆட்சியில் 1938இல் மூடப்பட்டு, போருக்குப் பின் மறுபடி திறந்தது. இந்தியாவில் ஹைதராபாதின் ஸ்லோகா பள்ளி 1997இல் தொடங்கியது. நம் கோயம்புத்தூரிலும் யெல்லோ ட்ரெயின் என்ற பள்ளி இந்த வழியில் நடக்கிறது. ஆலைத் தொழிலாளிக்காகப் பிறந்த பள்ளி இன்றைக்கு நம் ஊரில் கட்டணம் கட்ட முடிந்தவர்களுக்கே எட்டுகிறது என்பது எனக்கு வருத்தம்தான்.

இப்போது வகுப்பறை. முக்காலியில் ஏறி நிற்கிறார் வகுப்பாசிரியை. நெற்றியில் வியர்வை, முடியெல்லாம் சுண்ணாம்புத் தூள். திங்கள்கிழமைக்காகக் கரும்பலகையில் வண்ணச் சுண்ணக்கட்டியால் ஒரு மலைக்காட்சி. முதல் வகுப்புக்கு எழுத்து படத்திலிருந்துதான் பிறக்குமாம். அடுத்த எழுத்து 'ப'. இரண்டு குன்று, நடுவில் ஒரு பள்ளம். கதையைப் பார்த்து வாசிக்கக் கூடாது, மனப்பாடமாகச் சொல்ல வேண்டும் என்பதால் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறது.

லாத்தா கொஞ்ச நேரம் பார்த்தார். "ஏன்ம்மா, முத்துக் குளிக்கிறவர் போற வழியும் 'ப' தானே?" என்றார்.

ஆசிரியையின் கை நின்றது. லாத்தா விரலால் காற்றில் எழுதிக் காட்டினார்: கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு நேரே கீழே, மணலோடு ஓரமாய்ச் சிப்பி பொறுக்கிக்கொண்டே, பிறகு கயிற்றோடு நேரே மேலே. படகில் கயிறு பிடிப்பவர் குளிப்பவரின் மைத்துனராக இருப்பார் என்று எங்கள் கரையில் சொல்வார்கள். தங்கையின் தாலியை நினைத்து அவர் பிடியை விடமாட்டாராம். மன்னார் வளைகுடாவில் 1960களின் தொடக்கத்தோடு நின்றுபோன தொழில், இந்த வகுப்பறையில் சட்டென்று உயிர்பெற்றது. ஆசிரியை ஈரத்துணியை எடுத்தார், குன்றுகளைத் துடைத்தே போட்டார்! ஒன்றரை மணி நேர உழைப்பு. "கடலடி மணல் என்ன நிறம், சொல்லுங்க" என்று நீலக்கட்டியைத் தேடினார்.

பக்கத்து அறையில் புல்லாங்குழல் பயிற்சி. ஆசிரியர்கள் நால்வர், ஒருவர் மட்டும் எப்போதும் ஒரு சுரம் முந்துகிறார். கணக்கு வாத்தியார்தான் அவர். மற்றவர்கள் அதைச் சொல்லிச் சொல்லி ஓட்டுகிறார்கள்.

கடைசியாகச் சமையற்கட்டு. வெல்லம் போட்ட கேழ்வரகுக் கஞ்சி ஆளுக்கொரு டம்ளர். இங்கேதான் லாத்தா நோட்டைத் திறந்தார். ஸ்டைனரின் மறுபிறவிக் கொள்கை பாடத்தில் வருமா? வராது, ஆசிரியர் பயிற்சியில்தான் அதைப் படித்தோம் என்றார்கள். இனங்களுக்குள் உயர்வு தாழ்வு கற்பித்து அவர் எழுதியது? ஜெர்மனியின் வால்டார்ஃப் பள்ளிகள் 2007இல் இனவெறிக்கு எதிராக வெளிப்படையாக அறிக்கை விட்டதைச் சொல்லி, அந்த எழுத்துகளை ஏற்கவில்லை என்றார் தலைமையாசிரியை. மழுப்பாமல் வந்த பதில் எனக்குப் பிடித்தது. மேல்வகுப்பில் எந்த வாரியம், எங்கே தேர்வு என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்கினார் லாத்தா.

ஏழு வயதில்தான் முறையான வாசிப்பு என்பது மட்டும் அவரை உறுத்தியது. காயலில் எங்கள் பிள்ளைகள் அதற்குள் குர்ஆன் ஓதும் மக்தபில் அலிஃப், பே ஓதிவிடுவார்கள். "மூணாம் வகுப்பு நோட்டைக் காட்டுங்க" என்றார். பாடப்புத்தகத்துக்குப் பதில் பிள்ளைகளே எழுதி வரைந்துகொள்ளும் நோட்டுகள் அவை. ஒன்றை எடுத்து நின்றபடியே முழுதும் வாசித்தார். நெல் விளையும் கதை, பக்கம் பக்கமாக. இரண்டு இடத்தில் 'ள' வர வேண்டிய இடத்தில் 'ல'. அதைச் சுட்டிக்காட்டவும் தவறவில்லை.

பிறகு, திங்கள்கிழமை மகளைக் கூட்டிவரலாமா என்று கேட்டார். "கதை ஒன்பது மணிக்கு. கயிறு பிடிக்க ஓர் ஆள் வேணும், அவளே பிடிக்கட்டும்" என்றார் ஆசிரியை.