இரத்தமாகப் போகிற வயிற்றுக்கு ஈஸ்ட் பக்கெட் போதுமா?

ஸ்பிரிங்வெளி மலையில் கொழுந்து எடுக்கும் பெண்ணுக்கு வயிற்றால் போனால், ஒதுங்கத் தேயிலைச் செடியின் மறைவுதான். நாளைக்கு ஏழெட்டுத் தடவை இறங்கி ஓட வேண்டி வந்தால் கொழுந்து நிறை குறையும், முழுநாள் சம்பளமான முழுப்பேர் அரைப்பேராகும். "உடம்புச் சூடு" என்று வெந்தயம் ஊறவைத்துக் குடிப்பார். அடங்காவிட்டால் பதுளை டவுனில் பார்மசிக்காரர் நீட்டும் ஈஸ்ட் பக்கெட். அது எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை.

சளியும் இரத்தமுமாக வாரக்கணக்கில் போவது, இராத்திரித் தூக்கத்திலிருந்து எழுப்பிப் போக வைப்பது, ஆள் மெலிவது: இவை குடல் அழற்சி நோயாக இருக்கலாம். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், குரோன்ஸ் என இரண்டு வகை. உடம்பைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்புச் சக்தி சொந்தக் குடலையே புண்ணாக்கும் நோய் இது. கொழும்பு, கம்பஹா மாவட்ட வைத்தியசாலைகளில் நடந்து 2010இல் வெளியான ஆய்வு, இலட்சத்துக்கு 5.3 பேருக்கு முதலாவதும் 1.2 பேருக்கு இரண்டாவதும் இருப்பதாகக் கணக்கிட்டது. பதுளை அடங்கிய ஊவா மாகாணம் அந்தக் கணக்கில் இல்லை.

பக்கெட்டில் இருப்பது சக்கரோமைசஸ் பொலார்டி. 1920களில் கொலரா பரவிய இந்தோசீனாவில், லிச்சி, மங்குஸ்தான் தோல்களை அவித்துக் குடித்தவர்களைக் கவனித்த பிரெஞ்சுக்காரர் ஹென்றி பூலார் பிரித்தெடுத்தது. பாணையும் ஆப்ப மாவையும் பொங்க வைக்கும் ஈஸ்டின் நெருங்கிய உறவு. பூஞ்சை இனம் என்பதால் அன்டிபயோட்டிக் இதைக் கொல்லாது. அதனால்தான் அன்டிபயோட்டிக் குடிக்கும்போது வரும் வயிற்றுப்போக்கைத் தடுக்க இதைக் கொடுக்கிறார்கள். அந்த வேலையில் இதைக் குறை சொல்ல முடியாது. சுடச்சுடத் தேத்தண்ணியில் கலக்கினால் மட்டும் ஈஸ்ட் செத்துவிடும், காசும் போகும்.

குடல் அழற்சியில் கதை வேறு. ஆய்வுகூடத்தில் இந்த ஈஸ்ட் குடலின் காப்புப் புரதங்களைக் கூட்டியது, அழற்சியைத் தூண்டும் சைகைகளைத் தணித்தது. 2000இல் இத்தாலியில் 32 குரோன்ஸ் நோயாளிகளிடம் நடந்த சிறு பரிசோதனையும் நம்பிக்கை தந்தது. ஆனால் 2013இல் வெளிவந்த, 165 பேரை ஒரு வருடம் தொடர்ந்த பிரெஞ்சுப் பரிசோதனையில், ஈஸ்ட் எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் நோய் திரும்புவதில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. குரோன்ஸ் நோயாளிகள் பலரின் இரத்தத்தில் ஈஸ்டுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் காணப்படுகின்றன. அதனால் ஈஸ்ட்தான் நோயைத் தருகிறது என்று ஆகிவிடாது. ஆனாலும் "நல்ல கிருமிதானே, என்ன செய்யும்" என்று அலட்சியமாகச் சொல்லிவிட முடியாது. அமெரிக்க குடல்நோய் மருத்துவர் சங்கம் 2020இல், இந்த நோய்களுக்கு இந்த ஈஸ்ட் போன்ற புரோபயோட்டிக்குகளை ஆய்வுக்குள் மட்டும் கொடுங்கள் என்றது.

ஆபத்தும் உண்டு. பலவீனமானவர்களில் இந்த ஈஸ்ட் இரத்தத்துக்குள் புகுந்து பரவிய சம்பவங்கள் பதிவாகியுள்ளன. பெரிய இரத்த நாளத்தில் குழாய் போட்டவர்களுக்கும், கடும் நோயில் கிடப்பவர்களுக்கும், நோய் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கும் இதைக் கொடுக்கக்கூடாது என்று ஐரோப்பிய மருந்துக் கண்காணிப்பு அமைப்பு 2017இல் எச்சரித்தது. குடல் அழற்சிக்குக் கொடுக்கும் பிரெட்னிசொலோனும் அசதியோபிரினும் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகள். ஆகவே இவற்றைக் குடிப்பவர் கிளினிக் டொக்டரிடம் கேட்காமல் பக்கெட்டை உடைக்க வேண்டாம்.

என் கணக்கில் இதைவிடப் பெரிய ஆபத்து தாமதம். இரத்தம் போவது அமீபாவாலும் இருக்கலாம், குடல் காசநோயாலும் இருக்கலாம். அவற்றுக்கு பிரெட்னிசொலோன் போன்ற ஸ்டீரொயிட் கொடுத்தால் நோய் முற்றும். மலப் பரிசோதனையும், குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனொஸ்கோபியும் செய்யாமல் எது என்று சொல்ல முடியாது. சுகமாகிவிட்டது என்று பல வாரம் குடித்த பிரெட்னிசொலோனைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

அரசாங்க வைத்தியசாலையில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். தோட்ட டிஸ்பென்சரியில் துண்டு வாங்கிப் பதுளைப் பெரியாஸ்பத்திரி கிளினிக்குக்குப் போகலாம். தமிழும் இலங்கையின் அரசகரும மொழி. கொலனொஸ்கோபிக்கு முன் கையொப்பமிடச் சொல்லும் சம்மதப் பத்திரத்தைத் தமிழில் விளக்கும்படி கேளுங்கள். மறுத்தால் 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம். பார்மசியில் பில் கேட்டால் தந்தே ஆக வேண்டும். காலாவதியான பக்கெட்டோ, குறித்த விலைக்கு மேலோ விற்றால் நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் சொல்லுங்கள். எழுத்து முறைப்பாட்டுக்குத் தவணை மூன்று மாதம், எனவே பில்லை கிளினிக் கொப்பிக்குள் வையுங்கள்.

இரத்தத்தோடு காய்ச்சலும் தலைசுற்றலும் வந்தால் சம்பள நாள் வரை காத்திருக்க வேண்டாம். ஜீவனி உப்புத்தூளைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துக்கொண்டே 1990ஐ அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை.