ஐந்திலிருந்து ஆறுக்கு

திருத்தணியில் 1888 செப்டம்பர் 5 அன்று பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், தொடக்கக் கல்வியை ஊரில் முடித்து, 1896-இல் திருப்பதி லூத்தரன் மிஷன் பள்ளியில் சேர்ந்தார். ஏறக்குறைய எட்டு வயதில் ஊரும் பள்ளியும் முகங்களும் புதிதாயின. 1962-இல் குடியரசுத் தலைவரான அவரது பிறந்தநாளை ஆசிரியர் நாளாகக் கொண்டாடுகிறோம். பள்ளி மாறிய அந்தச் சிறுவனை நினைப்பவர்கள் குறைவு.

திருத்தணி வட்டாரச் சிற்றூர்களில் ஒவ்வொரு ஜூனிலும் அதே மாற்றம் நடக்கிறது. ஐந்தாம் வகுப்புவரை ஓரிரு ஆசிரியர்களுக்குப் பிள்ளையின் வீடு, தாய்தந்தை எல்லாமே தெரியும். ஆறாம் வகுப்பில் மணி அடித்தால் ஆசிரியர் மாறுகிறார். பள்ளியிலேயே மூத்தவராக இருந்தவர் திடீரென்று கடைக்குட்டி ஆகிறார். வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைக்குப் புதிய பாடச்சொற்களும் சேர்ந்துகொள்கின்றன.

வயிறும் இதில் உண்டு. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2024 ஜூலையில், திருத்தணி இருக்கும் இதே திருவள்ளூர் மாவட்டத்துக் கீழச்சேரியிலிருந்து ஊரக அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது. ஆனால் அது 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்காக வகுக்கப்பட்டது. பெற்றோர் விடியலிலேயே வேலைக்குக் கிளம்பும் வீட்டில், ஆறாம் வகுப்புப் பிள்ளை சாப்பிடாமல் பேருந்து ஏறக்கூடும். பசித்திருக்கும் பிள்ளையிடம் மன உறுதியை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

மன உறுதி பிறவிக் குணமும் அல்ல. ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எம்மி வெர்னர் குழுவினர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடும்பச் சிக்கல் எனக் கடும் சூழலில் வளர்ந்தவர்களில் சுமார் மூன்றில் ஒருவர் நன்றாகவே தலையெடுத்தார். அவர்கள் வாழ்வில் நம்பகமான ஒரு பெரியவராவது இருந்தார்: பாட்டியோ, ஆசிரியரோ, அண்டை வீட்டாரோ.

அப்படி ஒரு பெரியவராக இருக்கப் பணம் தேவையில்லை. பள்ளி திறக்கும் முன்பே பிள்ளையை அதே பேருந்தில் ஒருமுறை அழைத்துப் போகலாம். கழிப்பறை, குடிநீர்க் குழாய் இருக்குமிடத்தைக் காட்டலாம். மாலையில் மதிப்பெண்ணைக் கேட்காமல், “இன்னைக்கு யார் பக்கத்துல உக்காந்த?” என்று கேட்கலாம். நோட்டு தொலைந்தால் ஆசிரியரிடம் பிள்ளையே போய்ச் சொல்லட்டும். சின்னச் சிக்கலைத் தானே தீர்த்த பிள்ளைக்கு அடுத்ததில் பயம் குறையும்.

அடி, மிரட்டல், கேலி என்றால் கதை வேறு. அதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லக் கூடாது. பள்ளி நாள்களில் மட்டும் வயிற்றுவலி வந்தால் உடனே விசாரிக்க வேண்டும். 14417 கல்வி உதவி எண்ணும், 1098 குழந்தைகள் உதவி எண்ணும் வீட்டுச் சுவரில் இருக்கட்டும்.

பள்ளிகளும் ஒன்று செய்யலாம். ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் அரைப்பக்கம் எழுதி, ஆறாம் வகுப்பு ஆசிரியரிடம் மே மாதத்திலேயே ஒப்படைக்கலாம்: எதில் கெட்டிக்காரர், எதற்குத் தயங்குவார், வீட்டில் யாரைத் தொடர்புகொள்வது என்று.