இரண்டரை கிலோ கணக்கு: முதல்முறை வெயிட் தூக்கப் போகும் பெண்களுக்கு

பெரியகுளம் தென்கரையில எங்க வீட்டு மாடி ரூம்ல இருந்து பேசுறேன். நடுவுல மிக்சி சத்தம் கேட்டா அது அம்மா. இந்த எபிசோடுக்குக் காரணமே அவங்கதான், அதனால பொறுத்துக்கோங்க.

போன வருஷம் வாசல் கழுவும்போது அம்மா வழுக்கி, கையை ஊன்றி விழுந்தாங்க. மணிக்கட்டு எலும்பு முறிஞ்சு போச்சு. மாடியில இருந்து விழல, வண்டியில இருந்து விழல, நின்ன இடத்துல விழுந்ததுக்கே இப்படி. வயசு 54. எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்துப் பார்த்தா, இருக்க வேண்டியதைவிடக் குறைவு. மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர் கடைசியா ஒண்ணு சொன்னார்: கை கூடினதும் கொஞ்சம் கொஞ்சமா வெயிட் தூக்கப் பழகட்டும். வீட்டுக்கு வந்து சொன்னதும் எங்க அத்தைக்குக் கோபம் வந்துருச்சு. "ஒடஞ்ச கையை வச்சிக்கிட்டு வெயிட்டா? உனக்குத்தான் கிறுக்குன்னா அவளையும் சேத்து இழுக்காத."

அந்தக் கிறுக்கு எனக்கு மூணு வருஷமா இருக்கு. வேலைக்காக வெளியூர்ல இருந்தப்பதான் முதல்ல ஜிம்முக்குப் போனேன். அங்க இருந்தவர் என்னைப் பார்த்ததும் ட்ரெட்மில்லைக் காட்டினார். அப்புறம் ரெண்டு கிலோ டம்பெல், ரோஸ் கலர்ல. ஆறு மாசம் கழிச்சும் அதே ரெண்டு கிலோதான். அந்த ஆறு மாசமும் எங்க வீட்டுல கேஸ் சிலிண்டரை நகர்த்துனது நான்தான். உள்ள இருக்கிற கேஸ் 14.2 கிலோ, இரும்போட சேர்த்தா கிட்டத்தட்ட 30. அரிசிச் சிப்பம் 25 கிலோ. வீட்டுல 30 கிலோவைத் தூக்குறவளுக்கு ஜிம்முல ரெண்டு கிலோ. இந்த வேடிக்கை எனக்கு உறைக்கவே ஆறு மாசம் ஆச்சு.

நம்ம ஊருப் பெண்களுக்குப் பாரம் புதுசு இல்ல. மாம்பழ சீசன்ல தோப்புல கூடை சுமக்கிறாங்க, போடி மெட்டு தாண்டி ஏலத் தோட்டத்துக்குப் போறாங்க. நாங்குநேரி பக்கம் வடலிவிளையில பொங்கலுக்கு நடக்கிற இளவட்டக்கல் போட்டியில பெண்களும் கல்லைத் தூக்குறாங்க. 2024-ல் பொள்ளாச்சியைச் சேர்ந்த கிட்டம்மாள் என்ற 82 வயதுப் பாட்டி, கோவையில் நடந்த போட்டியில் 50 கிலோ டெட்லிப்ட் தூக்கி ஐந்தாவதாக வந்தார். அப்படின்னா தினமும் குடம் சுமந்த எங்க அம்மாவுக்கு ஏன் எலும்பு இளைச்சது? எலும்பு இளைக்க மாதவிடாய் நின்னது, சாப்பாடு, பரம்பரைன்னு காரணம் நிறைய. ஆனா குடத்துல இருக்கிற ஒரு சிக்கலைச் சொல்லணும். இருபது வருஷமா அதே குடம், அதே 15 கிலோ, அதே இடுப்பு. உடம்பு அதுக்குப் பழகிப்போய் அங்கேயே நின்னுடும். அதுக்கு மேல பலம் சேர்க்க அதுக்கு அவசியமே இல்ல. வீட்டு வேலைக்கும் பயிற்சிக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்: பயிற்சியில பாரம் ஏறும், ஏறுனதை எழுதி வைப்போம்.

எவ்வளவு ஏறணும்? இங்க கர்ணம் மல்லேஸ்வரி கதையைச் சொல்லணும். ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் பக்கத்துக்காரர். ஒலிம்பிக்கில் பெண்களுக்குப் பளுதூக்குதல் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது 2000 சிட்னியில்தான். அதில் 69 கிலோ பிரிவில் ஸ்னாட்ச் 110, கிளீன் அண்ட் ஜெர்க் 130, மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கினார். ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண் அவர். தங்கம், வெள்ளி வாங்கிய ரெண்டு பேருமே 242.5. வித்தியாசம் வெறும் இரண்டரை கிலோ. கடைசி முயற்சியில் 130-லிருந்து நேரா 137.5-க்குத் தாவினார், அது நிக்கல. போட்டி மேடையில அப்படித் தாவித்தான் பார்க்கணும், அதுல குறை சொல்ல நான் யாரு. ஆனா பயிற்சியில நமக்கு அந்த அவசரம் இல்ல. பெரும்பாலான ஜிம்முல இருக்கிற சின்னத் தட்டு 1.25 கிலோ. ரெண்டு பக்கமும் ஒண்ணொண்ணு போட்டா இரண்டரை. அதுதான் நம்ம ஒரு படி.

சரி, முதல் நாள் என்ன பண்றது? முதல்ல மாஸ்டர்கிட்ட ராடோட எடையைக் கேளுங்க. போட்டியில பெண்களுக்கான ராடு 15 கிலோ, ஆண்களுக்கு 20. உள்ளூர் ஜிம்முல ரெண்டுமே இருக்காது, மெல்லிசா வேற ஒண்ணு இருக்கும். அவருக்கே தெரியலன்னா எடை மெஷின்ல வச்சுப் பாருங்க. ஆரம்ப எண் தெரியாம கணக்கு எழுத முடியாது.

வாரத்துக்கு ரெண்டு நாள் போதும். உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்குச் சொல்ற குறைந்தபட்சமும் அதேதான். உட்கார்ந்து எழுறது ஒண்ணு, அது ஸ்குவாட். முக்காலியில உட்கார்ந்து எழுறதுல ஆரம்பிக்கலாம். தரையில இருந்து தூக்குறது டெட்லிப்ட். இதுலதான் பெரும்பாலானவங்க தப்பு பண்றாங்க: குனிஞ்சு முதுகால தூக்குறாங்க. பின்னாடி இருக்கிற கதவை இடுப்பால தள்ளிச் சாத்துற மாதிரி இடுப்பைப் பின்னாடி கொண்டு போங்க, முதுகு பலகை மாதிரி இருக்கட்டும், பாரம் காலை ஒட்டியே மேல வரட்டும். இனிமே சிலிண்டரையும் இப்படித்தான் தூக்கணும். அதோட தலைக்கு மேல தள்ளுறது ஒண்ணு, தன் பக்கம் இழுக்கிறது ஒண்ணு. ஒவ்வொண்ணுலயும் எட்டு எட்டா மூணு சுற்று. எட்டாவது முடியும்போது இன்னும் ரெண்டு தூக்கலாம்னு தோணுற எடைதான் சரியான எடை. மூணு சுற்றும் பத்துப் பத்தா சுத்தமா வந்துட்டா, அடுத்த தடவை இரண்டரை கிலோ ஏத்துங்க. தோள் பயிற்சியில இது மெதுவாத்தான் ஏறும், சில மாசம் ஒரே எண்ணுல நிக்கும், பயப்படாதீங்க. மறுநாள் தசை வலிக்கிறது சகஜம். மூட்டுல சுருக்குன்னு குத்துனா அன்னைக்கு நிறுத்திடுங்க.

லட்சுமிபுரத்துல இருந்து ஒரு தங்கச்சி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க: "அக்கா, ஆம்பள மாதிரி ஆயிருவேன்னு அம்மா விட மாட்டேங்குறாங்க." தசை பெருசாக உதவுற டெஸ்டோஸ்டிரோன் ஆண்களுக்கு நம்மைவிடப் பத்து மடங்குக்கு மேல ஊறுது. அவங்களே வருஷக்கணக்கா சாப்பிட்டு, தூக்கித்தான் அந்த உடம்பைக் கொண்டு வர்றாங்க. நமக்கு அது தானா வந்துடாது. அம்மாகிட்ட அதைச் சொல்லுங்க. மாதவிடாய் நாள்ல தூக்கலாமா? முடிஞ்சா தூக்கலாம், முடியலன்னா படுத்துக்கலாம். கர்ப்பப்பை இறங்கிடும்னு சொல்றாங்களே? இதை மட்டும் நான் சிரிச்சு ஒதுக்க மாட்டேன். பிரசவம் ஆகி கொஞ்ச நாள்தான் ஆச்சு, தூக்கும்போது சிறுநீர் கசியுது, அடிவயிறு கனமா இருக்குன்னா முதல்ல மகப்பேறு டாக்டரைப் பாருங்க. அப்படி எதுவும் இல்லாதவங்க, தூக்கும்போது மூச்சை அடக்கி முக்காம மெதுவா வெளிய விட்டுப் பழகினா போதும்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஹீமோகுளோபின் டெஸ்ட் எடுத்துடுங்க. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. மூணாவது சுற்றுல மயக்கம் வர்றதை நாம சோம்பேறித்தனம்னு நினைச்சுக்குவோம். அப்புறம் சாப்பாடு. நம்ம வீட்டு சாம்பார்ல பருப்பைத் தேடித்தான் பிடிக்கணும். ஒரு முட்டையில சுமார் 6 கிராம் புரதம், 50 கிராம் வேர்க்கடலையில 12 கிராம் வரும். 60 கிலோ எடை உள்ளவங்களுக்குச் சாதாரணமாவே ஒரு நாளைக்கு 50 கிராம் வேணும், வெயிட் தூக்குறவங்களுக்கு இன்னும் கொஞ்சம் கூட. கொண்டைக்கடலைச் சுண்டலைக் கோயில் பிரசாதமா மட்டும் பார்க்காம, சாயங்கால டிபனா ஆக்குங்க.

அம்மா விஷயத்துக்கு வர்றேன். அத்தைக்கு நான் காட்டுன ஆதாரம் ஆஸ்திரேலியாவுல நடந்த 'லிப்ட்மோர்' ஆய்வு. 2018-ல் வெளியானது. மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்த 101 பெண்கள் அதில் இருந்தார்கள். ஒரு பாதிப் பேர் வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், எட்டு மாதம் கனமான எடை தூக்கினார்கள். அவர்களுடைய கீழ் முதுகெலும்பின் அடர்த்தி சுமார் 3 சதவீதம் கூடியது. வீட்டிலேயே லேசான பயிற்சி செய்த மற்றவர்களுக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் குறைந்தது. ஒண்ணு கவனிங்க: அது முழுக்கப் பயிற்சியாளர் கண்காணிப்புல நடந்தது, முதல் மாசம் லேசான எடையோட பழக்கினாங்க. எலும்பு இளைச்சவங்க யூடியூபைப் பார்த்துத் தனியா ஆரம்பிக்கக் கூடாது.

அதனால பிசியோதெரபிஸ்ட்கிட்ட காட்டிட்டுத்தான் தொடங்கினோம். மஞ்சப்பையில அரிசி போட்டு 5 கிலோ. அம்மாவுக்கு வெக்கம், கதவைச் சாத்திக்கிட்டுத்தான் செய்வாங்க. பால் கணக்கு எழுதுற நோட்டுல பின் பக்கத்துல எண்களை எழுதுறாங்க. 5, 5, 7.5, திருவிழா வாரம் ஒண்ணும் இல்ல, திரும்ப 5, 7.5, 10. நேத்து எழுதுனது 17.5. பக்கத்துல வேற கையெழுத்துல இன்னொரு வரிசை ஆரம்பிச்சிருக்கு, 5, 5-ன்னு. யாருன்னு கேட்டேன், அத்தையாம்.