கடினமான பிரசவம்: குழந்தையின் கை நரம்பு பாதிக்கப்படுவது ஏன்?

பிரசவ வேதனை எத்தகையது என்பதை மர்யம் (அலை) அவர்களின் வரலாற்றின் மூலம் திருக்குர்ஆன் நமக்கு உணர்த்துகிறது. அந்த வேதனையைக் கடந்து பிறந்த குழந்தையின் ஒரு கை அசையாமல் தொங்கினால் குடும்பமே கலங்கிவிடும். தாய் சரியாக முக்கவில்லை என்று அவளையே குறை சொல்பவர்களும் உண்டு. இது தவறு.

என்ன நடக்கிறது?

சில பிரசவங்களில் தலை வெளியே வந்த பிறகு, குழந்தையின் தோள் தாயின் இடுப்பெலும்பில் சிக்கிக்கொள்கிறது. அப்போது கழுத்திலிருந்து கைக்குச் செல்லும் நரம்புகள் இழுபட்டுப் பாதிக்கப்படலாம். காறை எலும்பு முறியவும் கூடும்.

யாருக்கு வாய்ப்பு அதிகம்?

* தாய்க்குச் சர்க்கரை நோய் இருப்பது
* குழந்தையின் எடை 4 கிலோவுக்கு மேல் இருப்பது
* தாயின் அதிக உடல் எடை
* முந்தைய பிரசவத்தில் தோள் சிக்கியிருப்பது
* பிரசவம் நீண்டு, வேக்குவம் அல்லது ஆயுதம் பயன்படுத்த நேர்வது

இவற்றில் எதுவுமே இல்லாதவர்களுக்கும், சாதாரண எடையுள்ள குழந்தைகளுக்கும் இது நேரலாம். எனவே அவசர நிலையைச் சமாளிக்கும் வசதியுள்ள மருத்துவமனையில் பிரசவம் பார்ப்பதே பாதுகாப்பு.

நாம் செய்ய வேண்டியவை

கர்ப்பம் உறுதியானதும் ஒரு முறையும், 24 முதல் 28 வாரங்களுக்குள் மறுமுறையும் சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து அளவு 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது கர்ப்பகாலச் சர்க்கரை நோய். உணவுக் கட்டுப்பாடு, நடைப்பயிற்சி, தேவைப்பட்டால் மருந்து மூலம் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் குழந்தை அளவுக்கு மீறிப் பெருப்பதைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். முந்தைய பிரசவத்தில் சிக்கல் இருந்திருந்தால் அதை மறைக்காமல் மருத்துவரிடம் கூறுங்கள்.

பிரசவ நேரத்தில் மேல் வயிற்றை அழுத்தித் தள்ளினால் சிக்கிய தோள் மேலும் இறுகும். தாயின் தொடைகளை வயிற்றோடு மடக்கிப் பிடித்து, அடிவயிற்றில் அழுத்தம் கொடுப்பதே பயிற்சி பெற்றவர்கள் முதலில் செய்யும் முறை.

பெண் மருத்துவர் இல்லை என்று அந்த நேரத்தில் தாமதிக்க வேண்டாம். நிர்ப்பந்த நிலையில் ஆண் மருத்துவர் சிகிச்சை அளிப்பதை மார்க்கம் அனுமதிக்கிறது.

கை அசையாத குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் கையை இழுத்துவிடாதீர்கள். உடனே குழந்தை நல மருத்துவரிடம் காட்டி, அவர் சொல்லும் பயிற்சிகளைச் செய்யுங்கள். பெரும்பாலான குழந்தைகள் சில மாதங்களில் குணமடைகின்றன. 3 மாதமாகியும் முழங்கையை மடக்க முடியாவிட்டால் நரம்பு அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் காட்ட வேண்டும்.

நம்மால் இயன்ற முயற்சிகளைச் செய்துவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுவதே தவக்குல். தாய்மார்களையும் குழந்தைகளையும் அவன் பாதுகாப்பானாக! ஆமீன்.